வீட்டுத் தோட்டத்துக்குச் செயற்கைப் புல்: விலைச் சீட்டில் இல்லாத செலவுகளும் மாற்று வழிகளும்

செயற்கைப் புல் விசாரித்துக் கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது சதுர அடிக்கு இவ்வளவு என்ற ஒரே ஒரு எண்தான். அந்த எண்ணைத் தோட்டத்தின் பரப்பால் பெருக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா, போட்டுவிடலாமே" என்று முடிவெடுக்கிறவர்கள் அதிகம். ஆனால் கடைக்காரர் சொன்னது கம்பளத்தின் விலை மட்டும். அந்தக் கம்பளம் மண்ணின் மேல் சுருக்கம் விழாமல், மழைத் தண்ணீர் தேங்காமல், பத்து வருடம் கிடக்க வேண்டும் என்றால் அதற்குக் கீழே நடக்கிற வேலைக்குத் தனிச் செலவு உண்டு. பல தோட்டங்களில் கம்பளத்தைவிட அந்த வேலைக்குத்தான் அதிகம் போகும். அதனால் செயற்கைப் புல்லையும் நிஜப் புல்லையும் மற்ற வழிகளையும் நேர்மையாக ஒப்பிட வேண்டுமானால், தரைக்குக் கீழேயிருந்து தொடங்க வேண்டும்.

10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் உள்ள ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். 50 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் என்பது 10.76 சதுர அடி. ஒருவர் சதுர அடியிலும் இன்னொருவர் சதுர மீட்டரிலும் விலை சொன்னால் முதலில் ஒரே அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் சுமார் 10 செ.மீ. ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுக்க வேண்டும். கணக்குப்படி 5 கன மீட்டர். ஆனால் கெட்டியாக இருந்த மண்ணை வெட்டிக் குவித்தால் அது உப்பும், 6 கன மீட்டருக்கு மேல் ஆகிவிடும். அதை அள்ளி, ஏற்றி, எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். வெட்டிய பள்ளத்தில் ஏழரை செ.மீ. கனத்துக்கு ஜல்லி போட்டு இறுக்கினால் அதற்கு மட்டும் கிட்டத்தட்ட 8 டன் ஜல்லி தேவைப்படும். அதன் மேல் இரண்டரை செ.மீ. ஜல்லித் தூளோ கரடுமுரடான மணலோ பரப்பிச் சமன் செய்ய இன்னொரு 2 டன். களை முளைக்காமல் இருக்க ஒரு தடுப்பு விரிப்பு, சுற்றிலும் ஓரக்கல் அல்லது மரச் சட்டம், இணைப்பு நாடா, பசை, ஆணி. எல்லாம் முடிந்த பிறகு புல் இழைகளுக்கு நடுவே தூவ, சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிலோ வீதம், 250 முதல் 500 கிலோ வரை உலர்ந்த சிலிக்கா மணல்.

இவ்வளவுக்கும் மேலே விரிக்கப்படுகிற கம்பளத்தின் எடை சதுர மீட்டருக்கு 2 முதல் 3 கிலோ. மொத்தமே 150 கிலோதான். 10 டன் உள்ளே வர வேண்டும், ஏறக்குறைய அதே அளவு மண் வெளியே போக வேண்டும் என்னும்போது கூலி ஏன் அதிகம் என்பது புரியும். தோட்டம் வீட்டுக்குப் பின்னால் இருந்து, வண்டி போக வழியில்லாமல், எல்லாவற்றையும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தால் கூலி இன்னும் ஏறும். சின்ன இடமாக இருந்தால் மொத்தச் செலவு குறையும், சதுர மீட்டர் விலை கூடும். ஆள் வருவதும் இறுக்கும் இயந்திரம் வருவதும் 10 சதுர மீட்டருக்கும் 50 சதுர மீட்டருக்கும் ஒன்றுதான்.

செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் பலர் முதலில் கைவைப்பது இந்த அடித்தளத்தில்தான். ஜல்லி கனத்தைப் பாதியாக்கலாம், இறுக்காமல் விடலாம், மண்ணைச் சமன் செய்து அப்படியே விரித்துவிடலாம் என்று சொல்கிறவர்களும் கிடைப்பார்கள். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். இறுகாத தரை முதல் மழைக்காலத்திலேயே அங்கங்கே உள்வாங்கும், பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், கம்பளம் அலை அலையாக எழும்பும். அதைச் சரிசெய்ய மேலே விரித்த எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும். சரியாகப் போட்ட அடித்தளமோ, முதல் கம்பளம் தேய்ந்த பிறகு இரண்டாவது கம்பளத்தையும் தாங்கும். அப்போது அடுத்த முறைக்கான செலவு பெருமளவு குறைந்துவிடும். கையில் பணம் குறைவு என்றால் பரப்பைக் குறையுங்கள், கனத்தைக் குறைக்காதீர்கள்.

ஏற்கெனவே சிமென்ட் தளம் இருக்கிற இடம், மொட்டை மாடி, பால்கனி ஆகியவற்றின் கதை வேறு. அங்கே வெட்டவோ கொட்டவோ எதுவும் இல்லை. தண்ணீர் வடிய மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. சரிவு இருக்கிறதா என்று பார்த்து, வடிகால் விரிப்பு ஒன்றைப் போட்டு, மேலே கம்பளத்தை விரித்துவிடலாம். செயற்கைப் புல் உண்மையிலேயே மலிவாக முடிகிற இடம் இதுதான்.

அடுத்தது சேதாரம். செயற்கைப் புல் பெரும்பாலும் 2 மீட்டர், 4 மீட்டர் அகலச் சுருள்களாக வருகிறது. நம் தோட்டத்தின் 10 மீட்டர் நீளத்துக்கு நெடுக விரித்தால் 5 மீட்டர் அகலத்தை மூட ஒரு 4 மீட்டர் சுருளும் ஒரு 2 மீட்டர் சுருளும் வேண்டும். 60 சதுர மீட்டர் வாங்கி 10 சதுர மீட்டரை வெட்டி எறிய வேண்டிவரும், இணைப்பு ஒன்று மட்டும். குறுக்கே விரித்தால் 4, 4, 2 என்று மூன்று துண்டுகள், ஒவ்வொன்றும் 5 மீட்டர் நீளம். ஓரக்கல் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்வதால் அகலம் கச்சிதமாகப் பொருந்தும், சேதாரம் ஏறக்குறைய இல்லை. ஆனால் இணைப்பு இரண்டாகும், புல் சாய்ந்திருக்கும் திசையும் மாறும்.

இந்தத் திசை முக்கியம். செயற்கைப் புல்லின் இழைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அவை பார்ப்பவரை நோக்கிச் சாய்ந்திருந்தால் தரை அடர்த்தியாகத் தெரியும். எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் வெளிறி, பளபளப்பாகத் தெரியும். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் வெவ்வேறு திசையில் இருந்தால் இரண்டு வேறு பச்சைகளைப் போட்டது போலக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மிச்சமான துண்டைத் திருப்பிப் போட்டு ஒட்டுப்போடவும் முடியாது. விலை கேட்கும்போது தோட்டத்தின் பரப்புக்குப் பணமா, வாங்கும் சுருளின் பரப்புக்குப் பணமா என்று கேட்டுவிடுங்கள். 50க்கும் 60க்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல.

கம்பளத்தின் தரத்தைப் பற்றி விற்பனையாளர் சொல்லும் முதல் சொல் இழையின் உயரம்: 20, 30, 40 மில்லிமீட்டர். உயரம் கூடினால் தரம் கூடும் என்பது தவறான எண்ணம். நெருக்கமில்லாத 40 மி.மீ. புல் சில மாதங்களிலேயே படுத்துவிடும். நெருக்கமான 25 மி.மீ. புல் நிமிர்ந்து நிற்கும். பார்க்க வேண்டியவை இரண்டு. சதுர மீட்டருக்கு எத்தனை தையல் என்பது ஒன்று. இழையின் கனத்தைச் சொல்லும் டிடெக்ஸ் எண் இன்னொன்று. 10,000 மீட்டர் இழையின் எடை எத்தனை கிராமோ அதுதான் அந்த எண். இழை எதனால் ஆனது என்பதும் விலையைத் தீர்மானிக்கும். பாலிப்ரொப்பிலீன் மலிவு, சொரசொரப்பாக இருக்கும். பாலிஎத்திலீன் மென்மை, வீட்டுத் தோட்டங்களுக்குப் பெரும்பாலும் இதுதான். நைலான் மிதித்தாலும் சட்டென்று எழும்பும், விலையும் எழும்பி நிற்கும்.

கடையில் மாதிரித் துண்டைக் கையில் வாங்கியதும் புல் வெளிப்பக்கம் வரும்படி நடுவில் மடித்துப் பாருங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் அடித்துணி அகலக் கோடாகத் தெரிந்தால் தையல் நெருக்கமில்லை. கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள், இழை எழும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். ஒரு கற்றையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் துண்டை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். பின்பக்கம் லேடெக்ஸ் பூச்சா பாலியூரித்தேன் பூச்சா என்றும் விசாரியுங்கள். நாய் வளர்க்கும் வீட்டுக்கு இரண்டாவதே நல்லது, ஈரத்தை உறிஞ்சாது, வாடை தங்குவது குறையும்.

இனி, விலையில் வராத செலவுகளில் பெரியதாக நான் கருதுவது வெயில். நிஜப் புல் தன் இலைகள் வழியாக நீராவியை வெளியிட்டுக்கொண்டே இருப்பதால் உச்சி வெயிலிலும் குளிர்ச்சியாக இருக்கும். பிளாஸ்டிக் இழைக்கு அந்த வழி கிடையாது. நேரடி வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் குழந்தை வெறுங்காலுடன் நிற்க முடியாது, நாயின் பாதம் வெந்துபோகும். தண்ணீர் தெளித்தால் குளிரும், ஆனால் ஈரம் காய்ந்ததும் பழைய சூடு திரும்பிவிடும். தண்ணீரை மிச்சப்படுத்த என்று போட்ட தரைக்கு விளையாடும் நேரமெல்லாம் தண்ணீர் அடிக்க வேண்டிவந்தால் கணக்கே மாறிப்போகும். வெயில் கொளுத்தும் ஊரில் திறந்தவெளித் தோட்டம் என்றால் நிழல் துணியின் செலவையும் சேர்த்தே எழுதுங்கள். வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் லோ-ஈ வகை ஜன்னல் கண்ணாடி எதிரே இருந்தால் இன்னொரு ஆபத்து: அதில் பட்டுத் திரும்பும் வெயில் ஒரே இடத்தில் குவிந்து புல்லை உருக்கிவிடும்.

செயற்கைப் புல் புகழ்பெற்றதே நிஜப் புல் செத்துப்போன ஓர் இடத்தில்தான். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965இல் திறக்கப்பட்ட ஆஸ்ட்ரோடோம், கூரை போட்ட விளையாட்டரங்கம். உள்ளே புல் வளர்வதற்காகக் கூரையில் ஒளி ஊடுருவும் தகடுகளைப் பதித்திருந்தார்கள். அந்த ஒளிக் கூச்சத்தில் மேலே எழும்பும் பந்து ஆட்டக்காரர்களுக்குத் தெரியவில்லை. தகடுகளுக்கு வண்ணம் அடித்தார்கள், வெளிச்சமில்லாமல் புல் செத்தது. 1966இல் அங்கே நைலான் புல்லை விரித்தார்கள். ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. வீட்டுத் தோட்டத்துக்கும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். வெயில் எட்டாத சந்து, மண்ணே இல்லாத மாடி, எந்த விதை போட்டாலும் வராத இடம் ஆகியவற்றுக்கு இது நல்ல விடை. நன்றாக வெயில் விழும் நல்ல மண்ணை ஜல்லி கொட்டி மூடுவதற்கு முன்னால் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

சரி, நிஜப் புல்லுக்கு என்ன செலவு? ஆரம்பச் செலவில் மூன்று வழிகள். விதை தூவுவது மிக மலிவு, பொறுமை வேண்டும். வேர்விட்ட தண்டுகளை இடைவெளி விட்டு ஊன்றுவது அடுத்தது, சில மாதங்களில் தரை மூடும். வளர்த்த புல்லை மண்ணோடு பெயர்த்து விற்கும் பாய்களை வாங்கி விரிப்பது விலை அதிகம், அன்றைக்கே பச்சை. எந்த வழியானாலும் 10 முதல் 15 செ.மீ. நல்ல மண் வேண்டும், எரு வேண்டும், முதல் சில வாரங்கள் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பின் தண்ணீர். வெயில் காலத்தில் புல்தரைக்கு வாரத்துக்கு 25 மி.மீ. தண்ணீர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. என்பது ஒரு லிட்டர். ஆக 50 சதுர மீட்டருக்கு வாரத்துக்கு 1,250 லிட்டர். மழை பெய்யும் வாரங்களில் எதுவும் வேண்டாம். தண்ணீரை விலைக்கு வாங்கும் வீட்டுக்கு இது கனமான செலவு. கிணறோ மழைநீர்த் தொட்டியோ உள்ள வீட்டுக்கு அப்படியல்ல. அப்புறம் வெட்டும் வேலை. நீங்களே வெட்டுகிறீர்களா, ஆள் வைக்கிறீர்களா என்பதைப் பொறுத்துத்தான் இந்த ஒப்பீடே சாயும். மற்ற செடிகளுக்காக ஏற்கெனவே தோட்டக்காரர் வருகிறார் என்றால் புல்லுக்காகக் கூடும் செலவு கொஞ்சம்தான். புல்லுக்காக மட்டும் ஆள் வர வேண்டுமானால் பத்து வருடத்தில் அது பெரிய தொகை.

எந்தப் புல் என்பதிலும் செலவைக் குறைக்கலாம். அருகம்புல் இனம் நல்ல வெயிலில் செழிக்கும், வறட்சியில் வாடினாலும் தண்ணீர் கண்டதும் தழைக்கும், மிதித்தாலும் மீளும், ஆனால் நிழலில் வராது. சோய்சியா மெதுவாக வளரும், அதனால் அடிக்கடி வெட்ட வேண்டாம். எருமைப் புல் என்று சொல்லப்படும் அகல இலைப் புல் ஓரளவு நிழலைத் தாங்கும். குளிர்ப் பிரதேசங்களில் ஃபெஸ்க்யூ, ரை வகைகள்.

புல்தான் வேண்டும் என்று யார் சொன்னது? பொடுதலை தரையோடு தரையாகப் படர்ந்து புல்தரை போலவே மூடும், வெட்டும் வேலை மிகக் குறைவு, தண்ணீரும் குறைவாகக் கேட்கும். குளிர்ந்த ஊர்களில் வெள்ளைக் குளோவர் இதே வேலையைச் செய்யும், காற்றிலுள்ள நைட்ரஜனை வேரில் சேர்த்துக்கொள்வதால் உரமும் கேட்காது. இரண்டிலும் பூ வரும், பூவுக்குத் தேனீ வரும். வெறுங்காலோடு ஓடும் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை யோசிக்க வேண்டும். பந்து விளையாடும் இடத்துக்கும் இவை தாங்காது. பார்க்கவும் எப்போதாவது நடக்கவும் மட்டும் பச்சை வேண்டும் என்றால், என் கணக்கில் எல்லா வழிகளிலும் மலிவானது இதுதான். இதை ஏன் அதிகம் பேர் செய்வதில்லை என்று எனக்கு வருத்தமே உண்டு. கூழாங்கல்லும் நடைபாதைக் கற்களும் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் அவையும் வெயிலில் சுடும்; நடக்கும் வழிக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒப்பிடும் முறை சிரமமானதல்ல. செயற்கைப் புல்லின் முழுச் செலவையும் எழுதுங்கள்: அடித்தளம், சுருள், கூலி, மணல், நிழல் துணி, கடைசியில் பிய்த்து அகற்றும் செலவு. நிஜப் புல்லுக்கான ஆரம்பச் செலவை அதிலிருந்து கழியுங்கள். மிஞ்சுவதை, நிஜப் புல்லுக்கு வருடத்துக்கு எவ்வளவு அதிகம் செலவாகுமோ அதால் வகுங்கள். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் விடை வருடங்களில் வரும். உதாரணத்துக்கு, செயற்கைப் புல் 3,000 அதிகம் கேட்கிறது, வருடத்துக்கு 250 மிச்சமாகிறது என்றால் போட்ட பணம் திரும்ப 12 வருடம். செயற்கைப் புல்லின் ஆயுள் 8 முதல் 15 வருடம் என்பார்கள். கடும் வெயிலில் முதல் எண்ணையும் மித வெயிலில் நடுவில் ஓர் எண்ணையும் எடுத்துக்கொள்வது பத்திரம். 12 வருடத்தில் திரும்பும் பணத்துக்கு 8 வருடம் உழைக்கும் கம்பளம் என்றால் அது லாபமில்லை. அதே கணக்கு 4 வருடம் என்று வந்தால் தாராளமாகப் போடலாம்.

வருடச் செலவை எழுதும்போது செயற்கைப் புல்லுக்குச் சுழியம் என்று எழுதாதீர்கள். படுத்த இழைகளைத் துடைப்பத்தால் எதிர்த்திசையில் வாரி எழுப்ப வேண்டும், சருகு அகற்ற வேண்டும், ஓரங்களில் முளைக்கும் களையைப் பிடுங்க வேண்டும், நாய் இருந்தால் அடிக்கடி கழுவ வேண்டும். நேரம் அதிகம் பிடிக்காது, ஆனால் செய்யாமல் விட்டால் இரண்டே வருடத்தில் தெரியும்.

பிய்த்து எடுக்கும் செலவையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இழை ஒரு பிளாஸ்டிக், அடித்துணி இன்னொன்று, பூச்சு வேறொன்று, நடுவே கிலோ கிலோவாக மணல். மறுசுழற்சிக்கு மிகச் சிரமமான பொருள், பெரும்பாலும் குப்பைமேட்டுக்கே போகிறது. இழைகள் தேய்ந்து நுண்பிளாஸ்டிக்காக மண்ணில் சேர்வதும் உண்டு. விளையாட்டுத் திடல்களில் தூவும் ரப்பர், பிளாஸ்டிக் குருணைகளின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய விதிப்படி 2031 அக்டோபரிலிருந்து தடை செய்கிறது. வீட்டுக்கு மணலே போதும், ரப்பர் குருணை தர வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

என் தீர்ப்பைக் கேட்டால், 50 சதுர மீட்டரையும் ஒரே பொருளால் மூட வேண்டியதில்லை. வெயில் விழும் பெரும்பகுதிக்கு உயிருள்ள ஏதாவது: விளையாட அருகம்புல், பார்க்கப் பொடுதலை. சுவரோரத்து நிழலில் பிள்ளைகளோ நாயோ புழங்கும் 10, 15 சதுர மீட்டருக்கு மட்டும் நல்ல அடித்தளத்தோடு நல்ல செயற்கைப் புல். இப்படிப் பிரித்தால் முழுவதும் மட்டமான கம்பளம் விரிக்கும் செலவுக்குள்ளேயே சிறந்த சுருளை வாங்க முடியும். மரத்தடியை மட்டும் விட்டுவிடுங்கள். அங்கே வெட்டி, இறுக்கி, ஜல்லி கொட்டினால் வேர் மூச்சுவிட முடியாது, வளர்ந்த மரத்தை இழக்க நேரும்.

நாமே போடலாமா என்றால், ஒரே சுருளில் அடங்கும் நேர்விளிம்புள்ள சின்ன இடத்துக்குத் தாராளமாக. இறுக்கும் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும், சுருளை விரித்து இரண்டு மணி நேரம் வெயிலில் கிடத்திச் சுருக்கம் நீங்கிய பிறகு வெட்ட வேண்டும், அவ்வளவுதான். இணைப்பு வந்தால் ஆளைக் கூப்பிடுங்கள். இரண்டு துண்டுகளின் ஓரத் தையல்களையும் வெட்டி நீக்கி, நடுவே ஒன்றிரண்டு மி.மீ. மட்டும் இடைவெளி விட்டு நாடாவில் ஒட்ட வேண்டும். நெருங்கினால் வரப்பு போல எழும்பும், விலகினால் கோடு தெரியும். இணைப்பு சரியில்லாத தரை எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் விரிப்பு போட்டது போலத்தான் தெரியும்.

கொட்டேஷனை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை செ.மீ. வெட்டுவார்கள், ஜல்லி இறுகிய பிறகு எத்தனை செ.மீ. இருக்கும், மண்ணை அகற்றுவது யார் பொறுப்பு, எத்தனை இணைப்பு, எங்கே வரும், மணல் எத்தனை கிலோ என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். உத்தரவாதம் எதற்கு என்றும் படியுங்கள். பெரும்பாலும் நிறம் வெளிறுவதற்கும் இழை சிதைவதற்கும் மட்டுமே இருக்கும். இழை படுப்பதும் தரை உள்வாங்குவதும் இணைப்பு பிரிவதும் அதில் வராது. கம்பளத்துக்குத் தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் தனி, வேலைக்கு ஆள் தரும் உத்தரவாதம் தனி. ஒரு மழைக்காலம் முழுவதும் தாண்டும் வரை தரை உள்வாங்கினால் இலவசமாகச் சரிசெய்து தருவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவருக்கு விலை கொஞ்சம் கூட இருந்தாலும் வேலையைக் கொடுக்கலாம்.